பஞ்சம்மாள் சொன்ன சாட்சி

வாய்க்கால் தண்ணீருக்கு வந்த சண்டையில் கர்ணன் மண்வெட்டிக் காம்பால் அடித்து, பங்காளி சின்னச்சாமி மூன்றாம் நாள் செத்துப்போனான். பக்கத்து வயலில் களை எடுத்துக்கொண்டிருந்த கர்ணனின் அக்கா பஞ்சம்மாள் அதைக் கண்ணால் பார்த்தவள். அன்றைக்கே போலீஸ்காரரிடம் சொல்லியும்விட்டாள். அது அறுபத்தேழாம் வருஷம்.

அனுமந்தன்பட்டியில் மதுரை பஸ் ஏறும்போது தாய்மாமன் பலவேசம் தெம்பாகத்தான் இருந்தார். வெள்ளைக்காரன் காலத்தில் அவருடைய அண்ணனை ஒரு கொலை வழக்கிலிருந்து, ஊர்க்காரர்களில் தேர்ந்தெடுத்து உட்காரவைத்த ஜூரிகள் விடுவித்திருந்தார்கள்.

"அஞ்சு பேரு உக்காந்திருப்பாக. மூணு பேரு மனசு இளகினாப் போதும்" என்றார்.

கோர்ட்டு வாசலில் கர்ணனின் வக்கீல் அதைக் கேட்டுச் சிரித்தார். "இப்ப ஜூரியே கிடையாதுங்க. ஜட்ஜ் ஒருத்தர்தான். செத்தவன் கையில அரிவாள் இருந்திருந்தா, உயிருக்குப் பயந்து அடிச்சான்னு வாதாடலாம்."

அவர் நகர்ந்ததும் மாமன் பஞ்சம்மாளின் காதருகே குனிந்தார். "இருந்துச்சுன்னு சொல்லிரு ஆத்தா."

செஷன்ஸ் ஜட்ஜ் சாட்சியத்தைத் தன் கையாலேயே எழுதினார். ஒன்று சொன்னால், பேனா ஓயும்வரை பேசாமல் நிற்க வேண்டியிருந்தது. அவளுக்கு முன்னால் சாட்சிக் கூண்டில் ஏறிய சின்னச்சாமியின் அண்ணன் மூன்று அடி என்று சொல்லியிருந்தான்.

"ஒரே அடிதான்யா. விழுந்தப்ப மடைக்கல்லுல தலை மோதுச்சு" என்றாள்.

வக்கீல் எழுந்து அரிவாளைப் பற்றிக் கேட்டார். குற்றவாளிக் கூண்டிலிருந்து கர்ணன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"வெறுங்கைதான்யா."

ஜட்ஜ் தலை நிமிர்ந்தார். "இவன் உன் தம்பிதானேம்மா?"

"கூடப் பிறந்தவன்தான்யா."

அதையும் எழுதிக்கொண்டார்.

தீர்ப்பு அடுத்த வாரம் இங்கிலீஷில் வந்தது. வராந்தாவில் வைத்து வக்கீல் விளக்கினார். தம்பிக்குப் பாதகமானதையே மறைக்காதவள் ஒரே அடி என்று சொல்வதையும் நம்பலாம் என்று ஜட்ஜ் எழுதியிருந்தார். கொலைக் குற்றம் நிற்கவில்லை. கொல்லும் எண்ணமில்லாமல் சாவு விளைவித்ததற்கு ஐந்து வருஷம் ஜெயில்.

"அரிவாளுன்னு சொல்லியிருந்தா அந்த அஞ்சும் இல்லையே" என்றார் மாமன். அவளோடு ஒரே பஸ்ஸில் ஏற மறுத்துவிட்டார். அவர் சொல்வது சரியாக இருக்குமோ என்று அவளுக்கும் தெரியவில்லை.

ஜெயிலுக்கு இரண்டு தடவை போனாள். கர்ணன் பார்க்க வரவில்லை. மூன்றாம் தடவை வந்து கம்பிவலைக்குப் பின்னால் நின்றான்.

"எப்பக் கிளம்பின?" என்றான்.

"முதல் பஸ்ஸுக்கு."

"சாப்பிட்டியாக்கா?"

"இல்லடா" என்றாள்.