ஓடுற வரைக்கும் ஓடட்டும்

அண்ணன் தம்பி இரண்டு பேர் பேசிக்கொள்ள உலகத்தில் எவ்வளவோ இருக்கிறது. இவர்களுக்குக் கிளட்ச் பிளேட்டும் ஆயில் சீலும்தான் இருந்தன. அம்மா இருந்தவரை அவள் வாய் வழியாகவே இரண்டு பேரும் பேசிவந்தார்கள். "அண்ணன் கேட்டான்டா", "தம்பி சொன்னான்டா" என்று அவளே தபால்காரியாக இருந்தாள். அவள் போனபிறகு நடுவில் ஆள் இல்லை. அண்ணன் ஊரில் தையல் கடை வைத்திருந்தார். தம்பி வெளிநாட்டில் ஒரு குளிர்பதனக் கிடங்கில் பெட்டி அடுக்கினான். போன் போட்டால், "எப்படி இருக்கே?" "நல்லா இருக்கேன்ணே." அதற்குமேல் இரண்டு பக்கமும் தொண்டையைச் செருமிக்கொண்டு இருப்பார்கள்.

அந்தச் சமயத்தில்தான் தம்பி ஒரு பழைய மோட்டார் சைக்கிளை வாங்கித் தொலைத்தான். ஊருக்கே திரும்பிப் போன ஒருவர் அவன் தலையில் கட்டிவிட்டுப் போன வண்டி. ஒரு காலத்தில் ஊரில் பால்காரரிலிருந்து வாத்தியார் வரை ஓட்டிய மாடல். கம்பெனி அதை மறந்தே வருஷக்கணக்காகிறது. கிடங்கு, பஸ் எட்டிப் பார்க்காத ரோட்டில் இருந்ததால் ஒரு வண்டி வேண்டியதுதான். ஆனால் இந்த வண்டிதான் வேண்டும் என்றில்லை.

வாங்கிய கொஞ்ச நாளிலேயே கிளட்ச் வயர் அறுந்தது. அங்கிருந்த ஸ்பேர் கடையில் கவுண்டர்காரர் மாடல் பெயரைக் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். பிறகு இவன் தோளில் கை போட்டு வாசலுக்கு அழைத்துவந்து, எதிரே புது வண்டிகள் நிற்கும் கண்ணாடிக் கடையைக் காட்டினார். இன்டர்நெட்டில் தேடினால் வயர் இருந்தது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். வேறு வழி தெரியாமல் அறுந்த வயரைப் போட்டோ எடுத்து அண்ணனுக்கு அனுப்பினான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அண்ணனுக்கு வண்டியே ஓட்டத் தெரியாது. யார் பின்னாலாவது உட்கார்ந்தாலும் கண்ணை மூடிக்கொள்கிற ஆள். ஆனால் போட்டோ வந்த அன்றே தைத்துக்கொண்டிருந்த ஜாக்கெட்டை மெஷினிலேயே விட்டுவிட்டு ஸ்பேர் கடைத் தெருவுக்குப் போய்விட்டார். பழைய மாடல் சாமான்களையெல்லாம் கடைக்காரர்கள் மாடியில் போட்டு வைத்திருப்பார்கள். ஏணி மாதிரி நெட்டுக்குத்தலான படி. அண்ணன் ஒவ்வொரு கடையாக ஏறி இறங்கினார். கிடைத்ததும் அவர் குரலில் ஒரு துள்ளல். "ஒரிஜினல்டா! சீல்கூட உடைக்கல!" அம்மா போனபிறகு அண்ணன் சந்தோஷமாகப் பேசித் தம்பி கேட்டது அதுதான் முதல் தடவை.

பிறகு என்ன, வண்டியில் ஒன்று மாற்றி ஒன்று போய்க்கொண்டே இருந்தது. அண்ணனும் அனுப்பிக்கொண்டே இருந்தார். யாராவது லீவு முடிந்து திரும்பினால் போதும், அவர்கள் பெட்டியில் ஒரு பொட்டலம் ஏறிவிடும். ஒருதரம் தம்பியோடு ஒரே அறையில் இருந்த பெயிண்டர் ஊரிலிருந்து திரும்பும்போது அவரிடம் அண்ணன் பிரேக் ஷூ கொடுத்தனுப்பினார். பொட்டலத்தின் மேல், 'தம்பிக்கு ஷூ, ஒரு ஜோடி' என்று எழுதியிருந்தார். பெயிண்டர் அப்பாவி, பிரித்துப் பார்க்கவில்லை. விமான நிலையத்தில் கேட்டபோது, "ஃப்ரெண்டோட ஷூ சார், அவங்க அண்ணன் ஆசையா வாங்கிக் குடுத்தது" என்று சொல்லியிருக்கிறார். பிரித்தால் பிறை நிலா மாதிரி இரண்டு இரும்பு. உன் ஃப்ரெண்டு இதை எந்தக் காலில் போடுவான் என்று கேட்டு, அவரைத் தனியே ஒரு பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார்கள்.

"இந்த வண்டிக்கு நீ போட்ட ஸ்பேரை ஒண்ணா சேர்த்திருந்தா இன்னொரு வண்டியே ஆயிருக்கும்" என்பார் பெயிண்டர். "வித்துத் தொலைச்சிட்டு நல்லதா ஒண்ணு வாங்கேன்!"

தம்பி சிரித்து மழுப்புவான். நல்ல வண்டி வாங்கலாம்தான். வாங்கிவிட்டால் அண்ணனிடம் என்ன பேசுவது?

இப்படி இருக்கையில் வண்டி மேட்டில் இழுக்காமல் முக்க ஆரம்பித்தது. இன்ஜின் ஓடுகிற சத்தத்தைப் போனில் பதிந்து அனுப்பினான் தம்பி. ஊர் மெக்கானிக்கிடம் அதைப் போட்டுக் காட்டுவது அண்ணன் கண்டுபிடித்த வைத்தியம். "நாளைக்குப் போய்க் காட்டறேன்டா" என்றார் அண்ணன். நாலைந்து நாள் சத்தமே இல்லை. பிறகு அவர் குரல் பதிவு வந்தது.

"போய்க் காட்டினேன்டா. வால்வுதானாம். லீக் ஆகுதாம். அதான் மேடு ஏறினா மூச்சு வாங்குது. பிரிச்சு மாத்தணும்கறாங்க. நீ என்ன சொல்றே?" கடைசியில் ஒரு சிரிப்பு.

அண்ணன் சொன்னது வண்டியை அல்ல. அவருடைய நெஞ்சை. ஸ்பேர் கடைப் படியில் இரண்டு மூன்று தரம் மூச்சு முட்டி உட்கார்ந்து, கடைசியில் டாக்டரிடம் போய்க் காட்டிவிட்டு வந்து பேசுகிறார். நெஞ்சு, ஆபரேஷன் என்றெல்லாம் தம்பியிடம் சொல்ல அவருக்குக் கூச்சம். தெரிந்த பாஷையில் சொன்னார், அவ்வளவுதான்.

தம்பி கிடங்கு வாசலில் கையுறையைக் கழற்றிவிட்டு, குளிரில் மரத்த விரலால் போனை அழுத்திப் பதில் சொன்னான். "பழைய இன்ஜினைப் பிரிக்கவே கூடாதுண்ணே. ஒருதரம் கை வச்சா அப்புறம் ஒண்ணொண்ணா இழுத்து விடும். ஓடுற வரைக்கும் ஓடட்டும். நிக்கிறப்ப பாத்துக்கலாம்."

அண்ணன் அதைக் கேட்டார். கேட்டதற்கு அடையாளம் போனில் விழுந்தது. பதில் வரவில்லை. கடையில் வேலை மும்முரம்போல என்று தம்பி நினைத்துக்கொண்டான்.

சில வாரம் கழித்து ஒரு லீவு நாள் காலையில் அண்ணி கூப்பிட்டாள். அவள் தானாகக் கூப்பிடுகிறவள் அல்ல. எடுத்ததும் அழுதாள்.

"ஏன் தம்பி இப்படிச் சொன்னீங்க? அவர் ஆபரேஷனே வேணாங்கறாரு. கேட்டா, 'தம்பியே சொல்லிட்டான், ஓடுற வரைக்கும் ஓடட்டும்னு' அப்படிங்கறாரு."

"என்ன ஆபரேஷன் அண்ணி? யாருக்கு?"

அண்ணி சொல்லச் சொல்லத் தம்பி ஈரத் துணி தொங்கிய கொடியைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். துவைத்த துணியெல்லாம் அவன்மேல் சரிந்தது. வாயால் சொன்ன சொல்லை வாயிலேயே திரும்பப் போட்டுக்கொள்ள முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

"அவர்கிட்ட குடுங்க அண்ணி" என்றான்.

அண்ணன் போனை வாங்க மாட்டேன் என்று முரண்டு பிடிப்பது கேட்டது. பிறகு வாங்கினார்.

"அண்ணே, நான் வண்டின்னு நெனச்சேண்ணே. சத்தியமா வண்டின்னுதான் நெனச்சேன். உன்னைப் போய் அப்படிச் சொல்லுவேனா?"

"தெரியும்டா."

"தெரியுமா?"

"மொதல்ல கேட்டப்ப சுருக்குனுதான் இருந்துச்சு. ராத்திரி படுத்து யோசிச்சேன். கிறுக்குப்பய இன்ஜினைச் சொல்றான்னு புரிஞ்சுது." அண்ணன் குரலைத் தாழ்த்தினார். "ஆனா உங்க அண்ணி வாயை அடைக்க நல்ல சாக்கு. தம்பியே வேணாங்கறான்னா அவ என்ன பேசுவா?"

"ஏண்ணே இப்படிப் பண்றே? ஆபரேஷன் பண்ணிட்டா சரியாப் போயிடுமே."

அந்தப் பக்கம் அண்ணனின் தையல் மெஷின் கடகடவென்று ஓடி நின்றது. சும்மா மிதித்துப் பார்த்திருப்பார்.

"பயமா இருக்குடா" என்றார். "நெஞ்சைப் பிளப்பாங்களாமே. நான் துணியைத்தான் வெட்டிப் பழக்கம். மயக்கம் குடுத்துட்டா கண்ணு முழிக்கறது நம்ம கையிலயா இருக்கு?"

பெரியவர், வீட்டைத் தாங்கியவர், அம்மாவுக்குக் கொள்ளி வைத்துவிட்டு வந்து எல்லாருக்கும் சோறு போடச் சொன்னவர். அவருக்குப் பயம் என்று ஒன்று இருக்கும் என்றே தம்பி நினைத்ததில்லை. அவனுக்கு அழுகை வந்தது. அண்ணன் மேல் இவ்வளவு பாசம் இத்தனை நாள் எங்கே கிடந்தது என்று ஆச்சரியமாகவும் இருந்தது.

"நான் வர்றேண்ணே."

"வர்றியா?" அண்ணன் சின்னப் பையன் மாதிரி கேட்டார். "நீ வந்து வெளியில நின்னா நான் உள்ள போறேன். நீ வந்தப்புறம் பிரிக்கட்டும்."

மறுநாளே சூப்பர்வைசரிடம் போய் நின்றான். சரக்குக் கணக்கெடுப்பு முடிந்ததும் போகலாம் என்று அவர் நல்லபடியாகவே சொன்னார். இரண்டு வாரம் பொறுக்க வேண்டும், அவ்வளவுதான். டிக்கெட்டும் போட்டாயிற்று.

அண்ணி மறுபடி கூப்பிட்டாள். "டாக்டர் சீக்கிரம் பண்ணிடலாம், தள்ளிப் போட வேணாங்கறாரு. இவர் நீங்க வந்தாத்தான்னு ஒத்தக் கால்ல நிக்கறாரு. நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேப்பாரு தம்பி."

சொல்லியிருக்கலாம். 'நான் வர்றது வரட்டும், நீ போய்ப் படு' என்று அதட்டியிருந்தால் அண்ணன் கேட்டிருப்பார். ஆனால் தம்பிக்கு உள்ளுக்குள் இனித்தது. பிறந்ததிலிருந்து யாரும் அவனுக்காக இப்படிக் காத்திருந்ததில்லை. "ரெண்டு வாரம்தானே அண்ணி, ஓடிடும். நானே வந்து கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போறேன்" என்றான்.

அந்த நாட்களில் இருவரும் பேசியது வேறு மாதிரிப் பேச்சு. ஸ்பேர் பார்ட்ஸ் பெயரே வரவில்லை. எப்போதோ அம்மாவுக்குத் தெரியாமல் இரண்டு பேரும் ஊறுகாய் ஜாடியை உடைத்துப் புதைத்த இடம், அப்பாவின் குறட்டை, அண்ணி கல்யாணத்தன்று தும்மிக்கொண்டே இருந்தது, இப்படி. "இடுப்பு அளவு சொல்லுடா, சட்டை வெட்டி வைக்கறேன்" என்றார் அண்ணன். டேப் இல்லாமல் தம்பி பழைய கிளட்ச் வயரால் சுற்றி அளந்து சொன்னான். "இது இடுப்பா, இல்ல டயரா?" என்று அண்ணன் சிரித்தார். சிரிக்கும்போதே மூச்சு இரைத்தது. "பேசாதேண்ணே, போய்ப் படு" என்று தம்பி வைத்துவிடுவான். அவனுக்கு ஒவ்வொரு நாளும் திருவிழா மாதிரிதான் இருந்தது.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது. கணக்கெடுப்பின் கடைசி நாள் மத்தியானம் அண்ணி கூப்பிட்டாள். ஒருவருக்குத் தோள் அளவு எடுத்துக்கொண்டிருந்த அண்ணன் டேப்பைப் பிடித்தபடியே அவர்மேல் சாய்ந்துவிட்டாராம். ஆஸ்பத்திரி வரைக்கும்கூடத் தாங்கவில்லை.

கூட வேலை செய்தவர்கள் அவனைக் குளிர் அறையிலிருந்து வெளியே கூட்டி வந்து, அட்டைப் பெட்டிமேல் உட்கார வைத்தார்கள். விஷயம் கேள்விப்பட்டு பெயிண்டர் கை நிறைய சுண்ணாம்புக் கறையோடு ஓடி வந்தார். இருக்கிற டிக்கெட்டை முன்னால் தள்ளப் பார்த்தார். எப்படிப் புரட்டினாலும் நாளை மறுநாள் காலைக்கு முன்னால் ஊர் போய்ச் சேர முடியாது.

அண்ணியே திரும்பக் கூப்பிட்டாள். அழுது அழுது அவள் குரல் கட்டிப்போயிருந்தது.

"தம்பி, பெரியவங்க எல்லாம் வந்திருக்காங்க. உங்களைக் கேக்கச் சொல்றாங்க. நீங்க வர்ற வரைக்கும் வச்சிருக்கட்டுமா? இல்ல..."

முகத்தை ஒரு தரம் பார்க்க வேண்டும். அதற்குமேல் அவனுக்கு இந்த உலகத்தில் எதுவும் வேண்டியிருக்கவில்லை. 'வச்சிருங்க, வர்றேன்' என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"வேணாம் அண்ணி" என்றான். "எடுத்துருங்க. எனக்காக அண்ணன் காத்திருந்தது போதும்."

அங்கே யாரோ அண்ணியைக் கேட்பதும், அவள் விம்முவதும் கேட்டது. ஒருவழியாகத் தேறிக்கொண்டு பேசினாள்.

"அப்ப ஒண்ணு பண்றேன். போனை அவர் காதுகிட்ட வைக்கறேன். ஏதாவது சொல்லிடுங்க தம்பி. உங்க குரலைக் கேட்டா அவருக்கு..."

துணி உரசும் சத்தம் கேட்டது. ஊர் ஜனத்தின் இரைச்சல் அடங்கியது. தம்பி போனைக் காதோடு அழுத்திக்கொண்டு எழுந்து நின்றான். சுற்றி நின்றவர்கள் அவன் வாயையே பார்த்தார்கள்.

"அண்ணே" என்றான்.

அதற்குமேல் வரவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"பிடிச்சிட்டிருக்கேன் தம்பி, பேசுங்க" என்றாள் அண்ணி, எங்கோ தள்ளி.

"பயப்படாதேண்ணே" என்றான் தம்பி. அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான். அண்ணியும் போனை அவர் காதிலிருந்து எடுக்கவில்லை.