மூன்று முறை இழுத்த சீல்

கன்டெய்னர் கதவில் சீல் எதற்கு என்று கேட்டால், திருடனைத் தடுக்க என்று ஊரே சொல்லும். ஊருக்கென்ன, எதையாவது சொல்லும். கட்டர் வைத்திருக்கிற திருடனுக்கு அது ஒரு நிமிட வேலை. விரல் தடிமனில் ஒரு இரும்பு ஆணி, தலையில் ஒரு எண், அவ்வளவுதான். ஒருமுறை அழுத்திப் பூட்டினால் வெட்டித்தான் எடுக்க வேண்டும். ஏற்றிய இடத்தில் போட்ட சீல் இறக்குகிற இடம்வரை அப்படியே வந்து சேர்ந்தால், உள்ளே எது குறைந்தாலும் டிரைவர் தலை தப்பியது. இல்லையென்றால் அவன் தலையிலடித்துச் சத்தியம் செய்தாலும் எடுபடாது. சரக்குக்குக் காவல் என்று பெயர், உண்மையில் அது டிரைவரின் மானத்துக்குப் போட்ட பூட்டு.

நெட்டையனும் அவன் அக்கா வீட்டுக்காரரும் ஒரே கம்பெனியில் டிரைவர்கள். துறைமுகத்திலிருந்து பாதி வழிவரை மச்சான் ஓட்டி வருவார். நடுவழி யார்டில் டிரெய்லரை நெட்டையனிடம் ஒப்படைப்பார். அங்கிருந்து கிடங்குவரை இவன் பாடு. வாங்குகிறவன் சீல் எண்ணைத் தாளோடு ஒப்பிட்டு, சீலைப் பிடித்து ஓங்கி இழுத்துப் பார்க்க வேண்டும் என்பது விதி. வெட்டிப் பசை வைத்து ஒட்டிய சீல் கண்ணுக்குத் தெரியாது. இழுத்தால் கையோடு வந்துவிடும்.

பதினோரு வருடத்தில் நெட்டையன் ஒருநாளும் இழுத்ததில்லை. எண்ணைப் பார்ப்பான், கையெழுத்துப் போடுவான், இருவரும் டீ குடிக்கப் போவார்கள். திரும்பி வரும் லோடை வாங்கும்போது மச்சானும் அப்படித்தான். ஏன் இழுப்பதில்லை என்று சூப்பர்வைசர் ஒருமுறை கேட்டதற்கு மச்சான் சொன்ன பதில் யார்டு முழுக்கப் பிரசித்தம்.

“இவன் அக்காவையே ஒரு வார்த்தை விசாரிக்காமக் கட்டிக்கிட்டவன் நான். இந்த இரும்பையா இழுத்துப் பாக்கப் போறேன்?”

அப்படி இருந்தவர்கள் நடுவில் ஆறு பெட்டி வந்து விழுந்தது. ஒரே மாதத்தில் மூன்று லோடு, ஒவ்வொன்றிலும் இரண்டு பெட்டி குறைவு. கிடங்கில் எண்ணை மட்டும் பார்த்துச் சீலை வெட்டிவிட்டார்கள். வெட்டிய துண்டுகள் குப்பைக்குப் போயிருந்தன. ஆபீசில் நெட்டையனைக் கூப்பிட்டு உட்காரக்கூடச் சொல்லாமல் கேட்டார்கள்.

“வண்டியை வாங்கும்போது இழுத்துப் பாத்தியா?”

“இல்ல சார். எங்க மச்சான் சார் அவரு.”

“இழுக்காம, சீல் நல்லா இருந்துச்சுன்னு உனக்கு எப்படித் தெரியும்?”

சனியன் பிடித்த கேள்வி. கல்லடி பட்டால்கூட ஆறும், இது உள்ளே போய்க் குடைந்தது. அந்த மாதத்தில் மச்சான் இரண்டு நாள் ஒரு மணி நேரம் பிந்தி வந்தது அவனுக்கு அப்போது பார்த்துத்தான் நினைவுக்கு வரவேண்டுமா? வந்தது.

மறுநாள் யார்டில் மச்சான் தாளை நீட்டினார். நெட்டையன் எண்ணைப் பார்த்தான். பிறகு கதவருகே போய்ச் சீலைப் பிடித்து இழுத்தான். அது அசையவில்லை. இன்னொரு முறை இழுத்தான். மூன்றாவது முறை, காலைக் கதவில் ஊன்றி இழுத்தான்.

திரும்பியபோது மச்சான் இரண்டு கையிலும் டீயோடு நின்றிருந்தார்.

“கெட்டியா இருக்கா மாப்ள?”

“இழுத்துப் பாக்கணும்னு கம்பெனில சொல்லிட்டாங்க மச்சான்.”

“சொல்லட்டும். மூணு தடவை இழுத்தியே, அதையும் அவங்கதான் சொன்னாங்களா?”

டீயை வண்டிப் படியில் வைத்துவிட்டுப் போனார். அடுத்த வாரமே கேட்டு வாங்கி வேறு ரூட்டுக்கு மாறிக்கொண்டார்.

ஒரு மாதம் கழித்து உண்மை தெரிந்தது. ஏற்றும் இடத்தில் பெட்டி எண்ணுகிற ஆள் அரைகுறை அடுக்கை முழு அடுக்காகக் கணக்குப் போட்டிருக்கிறான். திருடனும் இல்லை, பசையும் இல்லை. ஆபீசில் ‘சாரி’ என்று சொல்லிவிட்டார்கள். அவர்களுக்கு அது ஒரு வார்த்தை. நெட்டையனுக்கு அந்த வார்த்தையை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுப் படியேற ஆறு மாதமாகக் கால் வரவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை போய்க் காலில் விழுந்துவிட வேண்டும் என்று ஒவ்வொரு வாரமும் நினைப்பான். ஞாயிற்றுக்கிழமைக்கு என்ன, அது பாட்டுக்கு வந்துபோய்க்கொண்டிருந்தது.

ஒரு மதியம் மச்சான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வண்டியிலேயே போய்விட்டார். சாலையோரம் ஒதுக்கி, எஞ்சினை அணைத்து, ஹேண்ட்பிரேக்கும் போட்டுவிட்டுத்தான் சாய்ந்திருந்தார்.

அக்கா அவன் தோளில் விழுந்து அழுதாள்.

“கம்பெனில ரூட்டை மாத்திட்டாங்க, அதான் தம்பியால வர முடியலைன்னு சொல்லிட்டே இருந்தாருடா. ஒருநாள் லீவு போட்டு வந்து பாத்திருக்கக் கூடாதா?”

மச்சான் அவளிடம் ஒன்றுமே சொல்லியிருக்கவில்லை. நெட்டையனுக்குத் தன்னை நான்கு வார்த்தை திட்டிவிட்டாவது செத்திருக்கலாமே என்றிருந்தது.

மச்சான் கடைசியாக ஓட்டிவந்த டிரெய்லர் நான்கு நாளாக யார்டில் நின்றது. அதை நான் எடுத்துப்போகிறேன் என்று அவனே போய்க் கேட்டான். கிளார்க் தாளை நீட்டினார். ஒப்படைப்பவர் கையெழுத்துப் போடவேண்டிய கட்டம் காலியாக இருந்தது. நெட்டையன் எண்ணை ஒப்பிட்டுவிட்டு, பெறுபவர் கட்டத்தில் கையெழுத்துப் போட்டான்.

“இழுத்துப் பாருங்க. நாலு நாளா நிக்குது.”

“வேணாம்.”

“ஏதாவது குறைஞ்சா உங்க தலையிலதான் விடியும்.”

“விடியட்டும் சார்.”

கிடங்கில் வாயில்காரர் அவன் கண்ணெதிரே சீலை இழுத்தார். அது கல்லாக நின்றது. வெட்டி, திறந்து, எண்ணினார்கள். ஒன்றுகூடக் குறையவில்லை. வெட்டிய இரண்டு துண்டையும் கேட்டு வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

சாயந்திரம் அக்கா போன் செய்தாள்.

“அவரு லோடு சரியாப் போய்ச் சேந்துச்சாடா?”

“சரியா இருந்துச்சுக்கா. அவரு கொண்டுவந்த எதுலயும் என்னிக்கும் குறை இருந்ததில்ல. ரூட்டு மாறினது கம்பெனியால இல்லக்கா, என்னாலதான்.”

வண்டிப் படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னான். ஆறு பெட்டி, மூன்று இழுப்பு, ஆறிப்போன டீ, போகாத ஞாயிற்றுக்கிழமைகள். அக்கா திட்டுவாள் என்று காத்திருந்தான்.

அவளோ கேட்டாள்.

“நீ இவ்வளவு வருத்தப்பட்டது அவருக்குத் தெரியுமாடா?”

பையிலிருந்த இரும்புத் துண்டுகளை நெட்டையன் இறுகப் பிடித்துக்கொண்டான்.

“தெரியாதுக்கா” என்றான்.