உளமார

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நீங்களாகக் கண்டுபிடித்தால் இன்னும் அசிங்கம். ஒரத்தநாட்டுப் பக்கம் எங்கள் பேரூராட்சியில் எங்கள் பகுத்தறிவுக் கட்சி முதன்முறையாகப் பெரும்பான்மை பெற்றது. நின்றவர்கள் எல்லாரும் ஜெயித்தார்கள், என்னைத் தவிர.

2

‘நெற்றி நிறைய விபூதியோடு கட்சிக்குள் நுழைந்த அந்தச் சூழ்ச்சிக்காரி கலைமகள்…’

(இந்த வரியை அடித்துவிட்டேன். சூழ்ச்சி எல்லாம் தெரியாது அவளுக்கு. தேர்தலுக்குக் கொஞ்சம் முன்னால்தான் கட்சியில் சேர்ந்தாள். அதற்கு முன்பே வாய்க்காலைத் தூர்வாரச் சொல்லி ஆட்சியர் அலுவலகத்துக்கு நடையாய் நடந்தவள். நான் அப்போது கட்சிப் பத்திரிகையில் வாய்க்கால் பற்றித் தலையங்கம் எழுதிக்கொண்டிருந்தேன்.)

3

நாளை கவுன்சிலர்கள் பதவியேற்பு. உறுதிமொழியை ‘உளமார’ என்றும் எடுக்கலாம், ‘ஆண்டவன் மீது ஆணையாக’ என்றும் எடுக்கலாம். எங்கள் கட்சியில் யாரும் கடவுள் பெயரைச் சொன்னதில்லை. இப்போது ஜெயித்தவர்களில் பாதிப்பேர் வெற்றிச் சான்றிதழோடு நேரே கோயிலுக்குப் போனவர்கள். பேரூராட்சித் தலைவர் பதவி கலைமகளுக்குத்தான் என்று பேச்சு.

ஒன்றியச் செயலாளர் ரெங்கசாமி என்னிடம் மட்டும் சொன்னார்: “இதை அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிடாதய்யா. ஆண்டவன்னு வாயத் தொறந்துச்சுன்னா நாற்காலி வேற ஆளுக்கு.”

4

கலைமகளின் குரல்பதிவு வந்திருக்கிறது. “பரிதியண்ணே, நம்ம கட்சியில எதைச் சொல்றது வழக்கம்? எனக்கு ஆண்டவன்தான் வாயில வருது. தப்புன்னா சொல்லிருங்கண்ணே.”

பதில் சொல்லாமல் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். என் மனைவி எழில்மொழி எட்டிப் பார்த்துப் படித்தாள்.

“வயித்தெரிச்சலுக்குக் கொள்கைன்னு பேரு வச்சிட்டீங்க.”

இந்த வரி எனக்குத் தோன்றியிருக்கக் கூடாதா? இப்போது இவள் மேலும் பொறாமை.

5

முடிவு ஒன்று: ‘உன் இஷ்டம்மா’ என்கிறேன். அவள் ஆண்டவன் என்கிறாள், நாற்காலி போகிறது. தோற்ற எனக்கு அது வரப்போவதில்லை. இருந்தாலும் நினைத்தாலே இனிக்கிறது, பாருங்கள்.

முடிவு இரண்டு: உண்மையைச் சொல்கிறேன். உடனே அவள் நாற்காலிக்காகச் சாமியை…

(முடியவில்லை. அவள் அப்படிப்பட்டவளாக இருந்துவிட்டால் தேவலையே என்ற ஆசையில் எழுதியது.)

6

இதோ, இன்னொரு பதிவு.

“நீங்க ஜெயிச்சிருந்தா எதைண்ணே சொல்லியிருப்பீங்க? அதையே நானும் சொல்றேன். உங்களுக்கும் சேத்து சொன்ன மாதிரி இருக்கும்.”

அடிப்பாவி! குழாயைத் திறந்துவிட்டுக் குளியலறையில் அந்த உறுதிமொழியை நான் சொல்லிச் சொல்லிப் பழகியது எழில்மொழிக்குக்கூடத் தெரியாது. நாற்காலியை அவள் எடுத்துக்கொள்ளட்டும். அந்த ஒரு வார்த்தையைக் கொடுக்கத்தான் வயிறு எரிகிறது.

தட்டச்சு செய்துவிட்டேன்: ‘உளமார’. விரல் அனுப்பும் பொத்தானுக்குப் போகமாட்டேன் என்கிறது.

கைபேசியை உங்கள் பக்கம் தள்ளிவைக்கிறேன். அனுப்புங்கள், இல்லை அழித்துவிடுங்கள். அந்த வார்த்தையை உளமார அனுப்ப என்னால் ஆகாது.