மைனஸ் பட்டன்

கம்ப்யூட்டர் மண்டையைப் போட்டது ஒரு காலை நேரத்தில், கேஷியரம்மா பால் கணக்கை ஏற்றிக்கொண்டிருந்தபோது. பெரிய சத்தமெல்லாம் இல்லை. பெட்டிக்குள்ளிருந்து கருகிய வாடை வந்தது, திரை இருண்டது, அவ்வளவுதான். அவள் விரல்களை அந்தரத்தில் தூக்கி வைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தவரைப் பார்த்து, "சார், லைன் போயிடுச்சு. கொஞ்சம் உட்காருங்க, வந்ததும் ரசீது போட்டுடறேன்" என்றாள். அவள் சார் என்றது அவளைக் கட்டிய புருஷனை.

தண்ணீர் வரி வாங்கும் அலுவலகத்தில் கவுண்டருக்குப் பின்னால் அவள் பாதி ஆயுசைக் கழித்தவள். அதனால் தெருவுக்கே கேஷியரம்மா. வீட்டிலும் புருஷன் அப்படிக் கூப்பிட்டே அவளைச் சீண்டுவார். அவர் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர், தெருவுக்கு லிஃப்ட்காரர். அவளுடைய ஞாபகம் கொஞ்சம் கொஞ்சமாக நூல் பிரிய ஆரம்பித்தபோது முதலில் சாவி வைத்த இடம் போயிற்று, பிறகு மருமகள் பேர் போயிற்று. ஒருநாள் அவரையே நிமிர்ந்து பார்த்து, எந்தத் தெருவிலிருந்து வருகிறீர்கள் என்று மரியாதையாகக் கேட்டாள். அன்றிலிருந்து அவர் சார். வேலை பார்த்த காலமெல்லாம் ஒருத்தனும் தன்னை சார் என்று கூப்பிட்டதில்லை, இப்போதுதான் அந்த யோகம் வந்திருக்கிறது என்று பழைய கூட்டாளியிடம் தமாஷாகச் சொல்லப் போனார். பாதியிலேயே பேச்சை மாற்றிக்கொண்டார்.

ஆனால் காலையில் கணக்கு எழுதும் அந்த ஒரு மணி நேரம் மட்டும் வேறு. பில்லை எடுத்துப் பக்கத்தில் வைத்தால் போதும், அவள் விரல்கள் தானாக ஓடும். ப்ளஸ் பட்டனைத் தட்டினால் தேதி ஒரு நாள் முன்னால் போகும், மைனஸைத் தட்டினால் ஒரு நாள் பின்னால் வரும். தொகையை அடிக்கும்போது அவள் கையைப் பார்ப்பதே இல்லை. நடுவில் புரியாத பில் ஏதாவது வந்தால் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், கல்யாணமான புதிதிலிருந்து கேட்கும் அதே சந்தேகக் குரலில், "என்னங்க, இது எதுக்கு?" என்பாள். அந்த ஒரு 'என்னங்க'வுக்காக மனுஷன் கடை கடையாக ஏறி வேண்டாததெல்லாம் வாங்கினார். அலமாரியைத் திறந்தால் பிரிக்காத ஸ்க்ரூடிரைவர்கள்தான் உருண்டு விழும். ஒவ்வொன்றுக்கும் அவரை ஒருமுறை 'என்னங்க' என்று கூப்பிட்டிருக்கிறாள்.

அந்தக் கம்ப்யூட்டர்தான் போய்விட்டது. கம்ப்யூட்டர் கடைக்காரர் திறந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினார். எழுதிய கணக்கை மட்டும் பத்திரமாக எடுத்துக் கொடுத்தார். விஷயம் கேட்டதும் வெளிநாட்டில் இருக்கும் மகன் தன்னுடைய லேப்டாப்பையே அனுப்பிவிட்டான். மெல்லிசாக, பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. ஆனால் அது வேறு கம்பெனி, வேறு வகை. பழைய கணக்கு சாஃப்ட்வேர் அதில் ஓடவே ஓடாதாம். அதனால் என்ன, இப்போது எவ்வளவோ நல்லது வந்திருக்கிறது, பேங்க்கோடு இணைத்துவிட்டால் எல்லாச் செலவும் தானாகவே ஏறிவிடும், நீங்கள் இரண்டு பேரும் எதையும் தொடவே வேண்டாம் என்று போனில் மகன் உற்சாகமாகச் சொன்னான்.

"தானா ஏறுறது வேண்டாம்பா. உங்கம்மா ஏத்தணும்" என்றார்.

 சரிப்பா என்றான் மகன். அவனுக்கும் தெரியும், அவன் கடைசியாக வந்திருந்தபோது யாரோ என்று நினைத்துத் தம்பி என்று கூப்பிட்டு டீ கொடுத்து அனுப்பியவள்தானே.

சம்பளக் கவரைப் பிரிக்காமல் அவளிடம் நீட்டியே பழகியவர் லிஃப்ட்காரர். கணக்கு வழக்கென்றால் அவருக்குக் காத தூரம். அவர் இப்போது கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டுக்கொண்டு சாஃப்ட்வேர் பார்க்க உட்கார்ந்தார். ஒன்றில் எதைத் தொட்டாலும் கலர் கலராக வட்டம் வந்தது. இன்னொன்று மாசாமாசம் வாடகை கேட்டது. நன்றாக இருக்கிறதே என்று நினைத்த ஒன்றில் தேதி மாற்றவேண்டுமென்றால் குட்டிக் காலண்டரைத் திறந்து மௌஸால் குறி பார்த்துக் குத்தவேண்டும். லேப்டாப்பில் தனியாக எண் பட்டன்களும் இல்லை. அவள் வலது கை வழக்கமான இடத்துக்குப் போய் வெறும் மேஜையைத் தட்டியது. இரண்டு மூன்று தடவை தட்டிப் பார்த்தாள். "இது என் கவுண்டர் இல்ல சார்" என்று எழுந்துபோய் ஜன்னலோரமாக நின்றுகொண்டாள். அதற்குப் பிறகு காலை நேரமும் மற்ற நேரங்களைப் போலவே ஆகிவிட்டது. நாளெல்லாம் சார், சார், சார்தான். வீட்டிலேயே அந்நியனாகிப் போவது எப்படி இருக்கும் என்று அவருக்கு அந்த நாட்களில் நன்றாகத் தெரிந்தது.

மறுபடியும் கடைக்குப் போனார். ரிப்போர்ட் வேண்டுமா, பட்ஜெட் வேண்டுமா, போனில் பார்க்கவேண்டுமா என்று கடைக்காரர் அடுக்கினார்.

"மைனஸ் பட்டனைத் தட்டினா தேதி ஒரு நாள் பின்னால போகணும். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

கடைக்காரர் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். இவர் தனக்குத் தெரிந்த பாஷையில் விளக்கினார். பழைய லிஃப்ட்டில் புதுப் பட்டன் பலகை மாட்டினால் அந்தக் கட்டடத்துக்காரர்கள் ரொம்ப நாளைக்குத் தப்பு மாடியில் இறங்கி முழிப்பார்கள். அவர்கள் படித்து அமுக்குகிறவர்கள் இல்லை, கை போன இடத்தில் அமுக்குகிறவர்கள். அப்போதெல்லாம் அதைப் பார்த்துத் தான் சிரித்திருப்பதாகச் சொன்னார். யாருக்காகக் கேட்கிறார் என்பதையும் சொன்னார்.  கடைக்காரர் உட்கார்ந்து தேடி, யாரோ ஆர்வக்காரர்கள் இலவசமாகக் கொடுக்கும் ஒன்றைக் கண்டுபிடித்தார். அழுது வடியும் சாம்பல் நிறம், அழகு என்று ஒன்றும் இல்லை. ஆனால் மைனஸ் பட்டன் கேட்டபடி வேலை செய்தது. பழைய கணக்கையும் அதில் கொண்டுவந்து சேர்த்து, தனியாகச் செருகுகிற எண் பலகை ஒன்றும் கொடுத்தார்.

மறுநாள் காலை லிஃப்ட்காரர் எல்லாவற்றையும் பழைய இடத்தில், பழைய மாதிரியே வைத்தார். பால் பில், மருந்து பில். அடியில் புது ஸ்க்ரூடிரைவருக்கான பில். அவள் வந்து உட்கார்ந்தாள். கை எண் பலகை மேல் போயிற்று. அஞ்சாம் எண்ணின் மேல் இருக்கும் சின்ன மேட்டை விரல் தடவிக் கண்டுபிடித்ததும் அவள் முதுகு நிமிர்ந்தது. அவருக்கு உயிர் வந்தது. பால் ஏறியது, மருந்து ஏறியது. ஸ்க்ரூடிரைவர் பில்லை எடுத்துப் பார்த்தாள். அந்த 'என்னங்க'வுக்காக அவர் பக்கத்தில் வந்து நின்றார். அவள் ஒன்றும் கேட்காமல் அதையும் ஏற்றிவிட்டு பில்லைக் கவிழ்த்து வைத்தாள்.

பிறகு மைனஸ் பட்டனில் விரலை வைத்தாள். வைத்தவள் எடுக்கவில்லை.

தேதி பின்னால் ஓடியது. அவள் ஓய்வு பெற்ற வருஷம் போயிற்று, மகன் விமானம் ஏறிய வருஷம் போயிற்று, இந்த வீட்டுக்குக் குடிவந்ததும் போயிற்று.  ஒரே ஒரு அறையில் அடுப்பும் கட்டிலுமாக அவர்கள் குடித்தனம் வைத்த வருஷத்தில் விரல் நின்றது. செலவு விவரத்தில் எழுத்துக் கூட்டி அடித்தாள்: அவருக்குச் சட்டை.

அடித்துவிட்டு வாசலை ஒருதரம் எட்டிப் பார்த்துக்கொண்டாள். அவர் பக்கம் சாய்ந்து குரலைத் தாழ்த்தினாள்.

"சார், எங்க வீட்டுக்காரர் வந்தா சொல்லிடாதீங்க. எனக்கு எதுக்கு புதுசுன்னு திட்டுவாரு. லிஃப்ட் குழியில இறங்கி இறங்கி எல்லாச் சட்டையும் கிரீஸ். பாவம், அவரா வாங்கிக்க மாட்டாரு."

அவர் திட்டியது நிஜம். அந்தக் காலத்தில் அவள் சட்டை வாங்கி வந்த அன்றைக்கு அதைத் தூக்கி எறியாத குறைதான்.

"சொல்ல மாட்டேம்மா" என்றார்.

திரையில் ஒரு சின்னக் கட்டம் குறுக்கே வந்து நின்றது. இந்தத் தேதி கணக்கு தொடங்கிய நாளுக்கும் முந்தையது, தொடரலாமா என்று கேட்டது. கேஷியரம்மாவுக்கு விளங்கவில்லை, விரல்களைத் தூக்கிவிட்டாள். அவர் கை நீட்டி ஆம் என்பதை அமுக்கினார்.

"நல்ல சட்டையா ஒண்ணு எவ்வளவு ஆகும் சார்?" என்று கேட்டாள். வெறுமையாக இருந்த தொகைக் கட்டத்தில் கோடு விட்டுவிட்டு மின்னிக்கொண்டிருந்தது. அவர் சொல்லப்போகும் எண்ணுக்காக அவள் விரல்கள் பலகைக்கு மேல் காத்திருந்தன.