எடுக்கலன்னா போயிடுங்க

1

இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை, ஒட்டுக்கேட்டேன். அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். திருத்துறைப்பூண்டியில் ஒரு ஜெராக்ஸ் கடையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற பெண் கைபேசியில் யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தாள்: "நீங்க ஒரு ரிங் விடுங்கண்ணே. பிரச்சினைன்னா மட்டும் எடுக்கிறேன். எடுக்கலன்னா போயிடுங்க." பிறகு காகிதங்களை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். அவளுக்கு அது தினப்படிப் பேச்சு. நான்தான் ஜெராக்ஸ் எடுக்க வந்ததை மறந்து அந்த பஸ்ஸையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

நாமும் இப்படித்தான் பேசுகிறோம். வீடு போய்ச் சேர்ந்ததும் ஒரு மிஸ்டு கால் கொடு என்கிறோம், வந்தால் நிம்மதியாகிறோம். ஆனால் இந்தப் பெண்ணின் ஏற்பாட்டில் ஓர் ஓட்டை இருக்கிறது. அவளால் எடுக்க முடியாமல் போனாலும், போகச் சொன்னதாகத்தான் ஆகும். அந்த ஓட்டைக்குள் ஓர் ஆளை இறக்கிப் பார்க்கலாமே என்று தோன்றியது. எழுதுகிறவர்களுக்கு இப்படி ஒரு கெட்ட புத்தி உண்டு.

2

தொடக்கம் மூன்று எழுதினேன்.

"தை மாதத்து வானம் கடைமடை வயல்களின் மேல் கருத்துத் திரண்டு, அறுவடைக்கு நின்ற சம்பாவை..." [நிறுத்திவிட்டேன். டெல்டாவைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எல்லாருக்கும் முதலில் வானம்தான் வருகிறது. ஒரு மழை பெய்து ஓய்ந்திருக்கிறது, அடுத்தது வரப்போகிறது, நெல் சாய்ந்து கிடக்கிறது, எல்லாருக்கும் மெஷின் உடனே வேண்டும். அவ்வளவு தெரிந்தால் போதும்.]

"ஃபஹ்மிதா, பி.காம்., அஹமது கபீரின் மூத்த மகள், மாநிறம், தகப்பனார் ஷார்ஜாவில்..." [வரன் தேடும் விளம்பரம் மாதிரி இருக்கிறது.]

மூன்றாவதை வைத்துக்கொள்கிறேன்:

ஃபஹ்மிதாவின் கைபேசியில் மேனேஜர் இராஜாங்கம் பேசிக்கொண்டிருந்தபோது, திரையின் மேல்பக்கம் இன்னொரு பெயர் வந்து நின்றது. ரெமிஜியஸ். எடுக்காவிட்டால் அந்த மனிதர் செத்துப்போவார் என்று இந்த உலகத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

3

அவசரமான இடத்தில் நிறுத்திவிட்டு விவரம் சொல்வது நியாயமில்லைதான். சுருக்கமாகச் சொல்கிறேன்.

அது அறுவடை மெஷின்களை வாடகைக்கு விடும் ஒரு விவசாயிகள் கம்பெனி. ஆபீஸ் என்பது உரக்கடைக்கு மேலே ஒரே ஓர் அறை. எந்த மெஷின் எந்த வயலுக்குப் போக வேண்டும் என்று சொல்வது ஃபஹ்மிதாவின் வேலை. சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகிறது. டிரைவர்களோடு பேசுவதெல்லாம் கம்பெனியின் ஆப்பில்தான் பேச வேண்டும் என்று உத்தரவு.

ரெமிஜியஸ் பெல்ட் மெஷின், அதாவது ஈர வயலில் புதையாத அறுவடை மெஷின், ஓட்டுகிறவர். கீழ்வேளூர்ப் பக்கம் ஒரு வயலை முடித்துவிட்டு முருகையன் வயலுக்குப் போக வேண்டும். போகிற வழியில் மின்கம்பி தாழ்ந்து தொங்குகிறது. புயலில் கம்பம் சாய்ந்ததிலிருந்து அப்படித்தான். மெஷினின் நெல் கொட்டும் குழாய் அதில் உரசாமல் போக வழியில்லை. அதனால் ஓர் ஏற்பாடு. லைன்மேன் பஞ்சநதம் கரண்டை நிறுத்திவிட்டு ஃபஹ்மிதாவிடம் சொல்வார். ரெமிஜியஸ் கம்பிக்கு முன்னால் வந்து நின்று அவளுக்கு ஒரு ரிங் விடுவார். அவள் எடுக்காவிட்டால் கடந்துவிடுவார். அந்த வாரம் முழுக்க அவரும் மற்ற டிரைவர்களும் அப்படித்தான் கடந்துகொண்டிருந்தார்கள்.

"எதுக்கும் நான் எடுத்தே சொல்லிடட்டுமாண்ணே?" என்று ஃபஹ்மிதா முதல் நாளே கேட்டாள்.

"மெஷின் சத்தத்துல எனக்கு என்னத்தத் தங்கச்சி கேக்கப் போவுது? ரிங் போச்சுன்னாப் போதும். வேணாம்னா மட்டும் எடுத்துக் கத்துங்க."

இன்று பஞ்சநதம் ஆப்பில் ஒரு செய்தி அனுப்பியிருந்தார்: "இன்னைக்கு லைன நிறுத்த முடியாதும்மா. தண்ணி வடிய வைக்க ஊரே மோட்டார் போட்டுருக்கு. மெஷின அந்தப் பக்கமே நிக்கச் சொல்லுங்க." அதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே இராஜாங்கத்தின் அழைப்பு வந்தது. எடுத்து, அப்புறம் கூப்பிடுகிறேன் என்று சொல்லிவிட்டு ரெமிஜியஸைக் கூப்பிடலாம் என்று நினைத்தாள். இராஜாங்கம் பேசப் பேசவே "வேணாம் நில்லுங்க" என்று ரெமிஜியஸுக்குத் தட்டியும் அனுப்பினாள். ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டால் அவர் எதையும் படிக்கிற ஆள் இல்லை.

* அவளிடம் வேறு போன் இல்லையா என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். இல்லை. இருந்தாலும் பயனில்லை, அவர் இவளைக் கூப்பிட்டுக்கொண்டிருப்பதால் வேறு யார் அடித்தாலும் பிஸி என்றுதான் வரும்.

4

இராஜாங்கம் பேசிக்கொண்டிருந்தது இது:

"ஒண்ணு கேக்கணும் உன்கிட்ட. கோச்சிக்காதம்மா."

"சொல்லுங்க சார். இல்ல சார், ஒரு நிமிஷம்..."

"இரும்மா, நான் முடிச்சிடுறேன். ஆப்புல ரிப்போர்ட் வந்துருக்கு. யாரு யாரு கால் எடுக்கலன்னு பேரோட போட்டுருக்கான். ரெமிஜியஸ் இந்த வாரம் உனக்கு எத்தன தடவ அடிச்சிருக்கான் தெரியுமா? நீ ஒண்ணக்கூட எடுக்கல."

[இது ரொம்பத்தான் பொருந்தி வந்துவிட்டது என்று எனக்கே உறுத்துகிறது. அழைப்பை எடுக்கவில்லையே என்று திட்டுகிறவரால்தான் அழைப்பை எடுக்க முடியவில்லை. வேறு எதைத் திட்டவைத்தாலும் கதை தளர்ந்துபோனது. மன்னித்துவிடுங்கள், அப்படியே வைத்திருக்கிறேன்.]

இராஜாங்கத்தை முதலில் முரடராகத்தான் எழுதினேன். "தன்னை ஹோல்டில் போட்ட காரணத்துக்காக முன்பிருந்த பெண்ணை அன்றே வீட்டுக்கு..." [அடித்துவிட்டேன்.] முரடர் என்றால் ஃபஹ்மிதாவுக்கு வேலை சுலபம். வருவது வரட்டும் என்று கட் செய்துவிடலாம். கெட்ட எண்ணமே இல்லாத ஒரு மனிதரை நடுப்பேச்சில் எப்படிக் கட் செய்வது?

"நம்ம டிரைவருங்க வயல்ல தனியா நிக்கிறவங்கம்மா. பாம்பு இருக்கும், பள்ளம் இருக்கும். அவசரம்னு அடிச்சா எடுக்க ஒரு ஆளு வேணாமா? அவனுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் யாருக்குப் பதில் சொல்றது?"

அவர் சொல்வது முழுக்க முழுக்கச் சரி. அந்த இடத்தில் எனக்கு அவரைப் பிடித்துப்போனது, அது கதைக்குப் பெரிய தொந்தரவாகிவிட்டது.

நம் பக்கம் போனைப் பெரியவர்தான் வைக்க வேண்டும். சட்டமில்லை, ஆனால் யாரும் மீறுவதில்லை. ஷார்ஜாவிலிருந்து அத்தா பேசும்போது "சரி, வச்சிடட்டுமா" என்று அவர் நாலு தரம் சொல்லி, அவரே வைத்த பிறகுதான் ஃபஹ்மிதா வீட்டில் போன் காதை விட்டு இறங்கும். ஆபீஸிலும் அதே வழக்கம். இராஜாங்கம் இன்னும் "வச்சிடட்டுமா" என்று ஒரு தரம்கூடச் சொல்லவில்லை.

பாதி ரிங் போயிருக்கும். யா அல்லா, யா அல்லா என்று உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. பயத்தில் குரல் கீச்சென்று வந்தது.

"சார், ரெமிஜியஸ் கூப்பிடுறாருங்க சார்!"

"அதத்தாம்மா நானும் சொல்றேன்," என்றார் இராஜாங்கம்.

5

இப்போது திரையைப் பார்ப்போம்.

அன்று காலையில்தான் ஆப் புதுசாக மாறியிருந்தது. பழைய திரையில் ஹோல்டு, கட் என்று எழுத்திலேயே இருக்கும். புதியதில் எழுத்தையே காணோம், வெறும் மூன்று வட்டங்கள். ஒன்று இராஜாங்கத்தைக் காக்க வைத்துவிட்டு ரெமிஜியஸை எடுக்கும். ஒன்று இராஜாங்கத்தைத் துண்டித்துவிட்டு ரெமிஜியஸை எடுக்கும். ஒன்று ரெமிஜியஸை மறுத்துவிட்டு இராஜாங்கத்தோடு விட்டுவிடும். எது எது என்று அவளுக்குத் தெரியாது.

மறுத்தால் என்ன, ரெமிஜியஸுக்குச் சந்தேகம் வந்து நின்றுவிட மாட்டாரா என்று ஒரு வாசகர் கேட்கலாம். நல்ல கேள்வி. வர வேண்டும் என்றுதான் எனக்கும் ஆசை. ஆனால் இந்த டிரைவர்கள் நடுவே கட் செய்வது என்றால், பார்த்துவிட்டேன், சரி என்று சொல்வது. எடுக்காவிட்டாலும் போ, கட் செய்தாலும் போ. பேசினால் மட்டும்தான் நிற்பார்.

6

[இந்தப் பகுதியில் ஃபஹ்மிதாவுக்கு ஒரு கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. ரிங் போய்க்கொண்டிருக்கும்போது அதற்கெல்லாம் நேரமில்லை. எடுத்துவிட்டேன்.]

7

முடிவுகள்.

முதலாவது: சரியான வட்டத்தை அழுத்துகிறாள், கத்துகிறாள், ரெமிஜியஸ் நிறுத்திவிடுகிறார். இராஜாங்கம் விஷயம் தெரிந்து கண்கலங்கி, இந்தப் பாழாய்ப்போன ஏற்பாட்டை அன்றே ஒழித்துக்கட்டுகிறார். ஒரே மூச்சில் எழுதிவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்து படித்தபோது எனக்கே கூச்சமாக இருந்தது.

இரண்டாவது: தவறான வட்டம். இதற்காக ரெமிஜியஸுக்கு லின்சி என்று ஒரு மகளைக் கொடுத்தேன். பன்னிரண்டாம் வகுப்பு, நர்சிங் படிக்க ஆசை. எழுதி முடித்ததும் என் மேலேயே வெறுப்பு வந்தது. நீங்கள் அழ வேண்டும் என்பதற்காக மட்டும் ஒரு பெண்ணைப் பெற்றுவிட்டிருக்கிறேன். அவளைத் திரும்ப எடுத்துக்கொண்டேன். மகள் இல்லாத மனிதரும் சாகக் கூடாது. இவர் சாகக் கூடாது என்று நினைக்கும்போது நிஜமாகவே பேனாவை மூடி வைத்துவிடுகிறேன், நானே உண்டாக்கிய ஆள் என்றாலும்.

மூன்றாவது: "மழை பெய்யத் தொடங்கியதால் ரெமிஜியஸ் தானாகவே மெஷினை..." [சீ.]

8

ஆக, எனக்குத் தெரிந்தவரை எழுதுகிறேன்.

கம்பிக்கு முன்னால் மெஷின் நிற்கிறது, என்ஜினை அணைக்கவில்லை. ரெமிஜியஸ் கைபேசியைக் கேபினில் கண்ணுக்கு நேரே கட்டித் தொங்கவிட்டிருக்கிறார். ரிங் போகிறது. ஒரு கால் ஏற்கனவே பெடலின் மேல் இருக்கிறது. இந்த வாரம் முழுக்கச் சரியாக இருந்தது, இன்று மட்டும் ஏன் சரியில்லாமல் போக வேண்டும்?

மாடியறையில், கைபேசிக்குள்ளிருந்து இராஜாங்கத்தின் குரல், "என்னம்மா, லைன்ல இருக்கியா?" என்றது.

ஃபஹ்மிதா வாழ்க்கையில் முதல் தரமாகப் பெரியவர் கேட்டதற்குப் பதில் சொல்லாமல், நடுவில் இருந்த வட்டத்தை அழுத்தினாள்.

இராஜாங்கத்தின் குரல் நின்றது. ரிங்கும் நின்றது. திரையில் ஏதோ சுற்றிக்கொண்டே இருந்தது. எதிர்முனையில் இருப்பது யார் என்று அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ளும் வரை காத்திருக்கவும் இல்லை.

"நிறுத்துங்க!" என்று கத்தினாள்.

கீழே உரக்கடையில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள்.

யாரோ அதைக் கேட்டார்கள். அது இராஜாங்கமாக இருந்தால், அந்த அதட்டலை அவர் மன்னித்துவிடக்கூடும், ஆனால் வயலில் ரிங் நின்றுபோன கைபேசியைப் பார்த்து ரெமிஜியஸ் பெடலை அழுத்தியிருப்பார். அது ரெமிஜியஸாக இருந்தால் அவர் வீட்டுக்குப் போவார். எது என்று எழுத எனக்குத் தைரியம் இல்லை. இரண்டையும் எழுதிப் பார்த்து, இரண்டையும் கிழித்துப் போட்டுவிட்டேன்.

முடிவை உங்களிடம் தருகிறேன். ஒரே ஒரு வேண்டுகோள். மனசுக்குள் படித்துவிட்டு மூடி வைத்துவிடாதீர்கள். அவள் சொன்ன அந்தச் சொல்லை நீங்களும் ஒரு தரம் வாய்விட்டுச் சொல்லுங்கள். பக்கத்தில் ஆள் இருந்தால் இருக்கட்டும், என்னவோ என்று நினைத்துக்கொள்ளட்டும். அங்கே என்ஜின் ஓடிக்கொண்டிருக்கிறது. மெதுவாகச் சொன்னால் அவருக்குக் கேட்காது.