சர்க்கார் வேலை

ஜெபராஜின் வலது கையை எங்கள் வரைபலகையின் மேலேயே வைத்து அடித்தார்கள். நான் பத்தடி தள்ளி நின்றேன். என்னை யாரும் பிடித்துக்கொண்டிருக்கக்கூட இல்லை.

1979 ஜனவரி. டெல்லி பல்கலைக்கழகத்தில் எங்களுக்குப் புவியியல் எம்.ஏ. கடைசி வருஷம். இருவர் இருவராகப் போய் ஒரு கிராமத்தை அளந்து வரைபடம் போட வேண்டும். எது வயல், எது தரிசு, எந்தக் கிணற்றில் உப்புத் தண்ணீர் என்று. எனக்கு ஜோடி ஜெபராஜ். பாளையங்கோட்டையில் ஹாஸ்டலில் படித்து வந்தவன். டெல்லியில் ஒன்றரை வருஷம் ஆகியும் அவன் இந்தி 'பானி', 'கித்னா'வைத் தாண்டவில்லை. ஆனால் கோடு இழுத்தான் என்றால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். வரைபடம் போடும் அலுவலகம் ஒன்றில் ஜூலையில் அவனுக்கு வேலை என்று சொல்லியிருந்தார்கள். அவன் அம்மா இன்பராணி பத்து வருஷமாக இங்கே ஆஸ்பத்திரி நர்ஸ். புருஷன் இல்லாதவள். மகனின் அந்தக் கையை நம்பித்தான் இருந்தாள்.

நான் கஸ்தூரிரங்கன், டெல்லியிலேயே, கோல் மார்க்கெட் சர்க்கார் குவார்ட்டர்ஸில் பிறந்தவன். பால் பூத்தோ ரேஷன் கடையோ, அப்பா சர்க்காரில் இருக்கிறார் என்றால் எங்கள் பக்கத்தில் வழி விடுவார்கள். பேச்சு வந்த நாளாக எங்களுக்குக் கைகொடுத்த வாக்கியம் அது. நஜஃப்கட் பக்கத்துக் கிராமத்தில் முதல் நாள் ஒரு கிழவர், கடுகு வயலில் பலகையை நிறுத்தக் கூடாது என்று மறித்தபோதும் அதையே எடுத்துவிட்டேன். "ஸர்க்காரீ காம் ஹை" என்றேன் மிடுக்காக. சர்க்கார் வேலையாம்! கிழவர் நாங்கள் அளக்க நட்டிருந்த சிவப்பு வெள்ளைக் கம்பங்களைப் பார்த்தார், வழியை விட்டு விலகிப் போய்விட்டார். என்ன சொன்னாய் என்று ஜெபராஜ் கேட்டதற்கு, அதெல்லாம் ஒரு வித்தை என்று பீற்றிக்கொண்டேன்.

முந்தைய வருஷம் அதே மாதிரிக் கம்பங்களோடு சர்க்கார் ஆட்கள் வந்து அளந்திருக்கிறார்கள். இரண்டே மாதத்தில் ஊரின் பாதி வயல், காலனி கட்டவென்று பறிபோயிருக்கிறது. டீக்கடையில் ஒரு வார்த்தை விசாரித்திருந்தால் தெரிந்திருக்கும். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே வாய் என்னுடையது, கெட்டது அவன்.

மறுநாள் பனி விலகும் நேரம் ஜெபராஜ் பலகைமேல் குனிந்திருந்தான். நான் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நூறு கஜம் தள்ளி நின்றேன். கடுகுக்குள்ளிருந்து பத்துப் பன்னிரண்டு பேர் தடியோடு வந்தார்கள். அவன் முதுகில் விழுந்த முதல் அடியின் சத்தம் எனக்குக் கேட்டது. ஓடினேன். அவனை நோக்கித்தான் ஓடினேன், அந்த மட்டுக்கு நல்லவன்.

நான் போய்ச் சேர்வதற்குள் பலகையின் கால்கள் முறிந்து கிடந்தன. ஜெபராஜின் உதடு கிழிந்து பல் தெரிந்தது. ஒருவன் என் கையிலிருந்த கம்பத்தைப் பிடுங்கி என் முழங்காலிலேயே போட்டான். நாங்கள் மாணவர்கள், படிக்க வந்தவர்கள் என்று அடையாள அட்டையை நீட்டிக் கத்தினேன். மீசைக்காரன் ஒருவன் அதைக் கிழித்துப் போட்டான். நேற்று வந்த சர்க்கார் ஆள் இவனா அவனா என்று கிழவரைக் கேட்டான். கிழவர் கண்ணை இடுக்கிக்கொண்டு மாறி மாறிப் பார்த்தார். இரண்டு கறுப்பு மதராஸிகள்; அவருக்கு வித்தியாசம் தெரியவில்லை.

சொன்னவன் கையை முறித்தால் இனி எவனும் அளக்க வர மாட்டான் என்றான் மீசைக்காரன். பிறகு எங்கள் பக்கம் திரும்பினான்.

"கல் கிஸ்னே கஹா தா?"

நேற்றுச் சொன்னது யார் என்று கேட்டு, தடியை ஜெபராஜ் பக்கம் நீட்டினான். ஜெபராஜ் என்னைப் பார்த்தான்.

"என்னல கேக்கான்?"

நான்தான் என்று மீசைக்காரனிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். நான் ஜெபராஜ் பக்கம் திரும்பினேன்.

"படிக்கிற பசங்களான்னு கேக்கறான். ஆமான்னு தலையாட்டுடா, விட்டுடுவா."

அவன் என்னை நம்பினான். இரண்டு தடவை தலையாட்டினான், இந்தியில் ஆமாம் சொல்வதுபோல் 'ஹாங் ஜி' என்று வேறு சொன்னான்.

நான்கு பேர் அவனை மண்ணில் அமுக்கினார்கள். பலகையை இழுத்துப்போட்டு, அவன் வரைந்த தாள்மேலேயே அவன் கையை விரித்து வைத்தார்கள். மூன்றாவது அடியில் மணிக்கட்டு போயிற்று. அதற்கப்புறமும் விரல் விரலாக அடித்தார்கள். அவன் என் பெயரைச் சொல்லித்தான் கத்தினான். நான் காதைப் பொத்திக்கொண்டேன்.

அவனைத் தோளில் போட்டு ரோடு வரை தூக்கி வந்தது நான்தான், அதில் பொய்யில்லை. இன்பராணியின் ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோனேன். யாரோ எங்களை சர்க்கார் ஆட்கள் என்று சொல்லிவிட்டதாக அவளிடம் கதை விட்டேன். அவள் என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதாள். வெட்கமில்லாமல் கையைக் கொடுத்துக்கொண்டு நின்றேன்.

ஐந்தாம் நாள், இந்தக் கை இனிமேல் பென்சில் பிடிக்காது என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். நான் கட்டிலருகே உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன். இன்பராணி கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள். ஜெபராஜ் கண்ணை மூடியபடியே கேட்டான்.

"எம்மா, 'கல் கிஸ்னே கஹா தா'ன்னா என்ன?"

"நேத்து சொன்னது யாருன்னு அர்த்தம். ஏன்ல?"

"கிழவர்ட்ட பேசினது இவன். அதுக்குத் தலையாட்டினது நான். ஆட்டச் சொன்னதும் இவந்தாம்மா."

இன்பராணி எழுந்து வந்து என் சட்டையைக் கொத்தாகப் பிடித்தாள். அறைந்தாள். பத்து வருஷமாக நோயாளிகளைப் புரட்டிப்போட்ட கை அது. என் மூக்கு உடைந்து அவள் வெள்ளைப் புடவையில் ரத்தம் தெறித்தது. மற்ற நர்சுகள் ஓடிவந்து இழுத்தும் அவள் விடவில்லை. அடி வாங்கிக்கொண்டே நான் ஜெபராஜைப் பார்த்தேன். போதும்மா என்று சொல்லிவிடுவான் என்று அப்போதும் அவனைத்தான் நம்பினேன். அவன் கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தான்.