எல்பியோ எழுதாத பாட்டு

ராணுவ ஆட்சி நடக்கும் மொந்தேவிதேயோவில் பாட்டுப் பாடக் குரல் மட்டும் போதாது, போலீஸ் முத்திரையும் வேண்டும். கச்சேரிக்குப் பத்து நாள் முன்பே எல்லாப் பாட்டையும் மூன்று பிரதி தட்டச்சடித்து, எழுதியவர் பெயரோடு கொடுத்துவிட வேண்டும். நிபியாவின் குழு இதற்கு ஒரு தந்திரம் வைத்திருந்தது. ஒவ்வொரு முறையும் தாள் கட்டுக்குள் ஒரு காரசாரமான பாட்டைச் சொருகுவார்கள். அதற்கு எலும்பு என்று பெயர். அதிகாரி எலும்பின் மேல் பாய்ந்து சிவப்புப் பென்சிலால் அடிப்பார். கடமை முடிந்த நிறைவில் மற்றதற்கெல்லாம் முத்திரை குத்துவார். விஷயம் இருப்பது மற்றதில்தான்.

எலும்புகளை எழுதுவது நிபியா. யார் பெயரில் கொடுப்பது என்றுதான் முதலில் திகைத்தார்கள்.

"எல்பியோ பேரைப் போடு," என்றான் கித்தார் வாசிக்கும் ரூபென். "ஸ்வீடன்ல பனிக்குள்ள உக்காந்திருக்கறவன எவன் போய்ப் பிடிப்பான்?"

எல்பியோ நாட்டை விட்டுப் போய்விட்ட அவர்களுடைய பழைய மேளக்காரன். அம்மாவுக்கு நாலு வரி எழுதினால் நாலு பிழை விடுகிறவன். அவனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கடிதத்தைப் போலீஸ் பிரிக்கும் என்று வசதியாக ஒரு சாக்கு இருந்தது. இரண்டு வருடத்தில் பதினோரு பாட்டு அவன் தலையில் ஏறியது.

ஜூலை, அங்கே குளிர்காலம். நிபியா தாள்களை வாங்கப் போனாள். அதிகாரி பெரெய்ரா மாத்தே தேநீரைக் குழலால் உறிஞ்சிக்கொண்டே கட்டைத் தள்ளினார். எங்கும் சிவப்பு இல்லை. எலும்பின் மேலும் முத்திரை விழுந்திருந்தது.

"எல்லாத்தையும் பாடுங்க மேடம். யார் யார் கை தட்டுறாங்கன்னு நாங்களும் பாக்கணுமில்ல?"

நிபியா கட்டை எடுத்துப் பைக்குள் வைத்தாள்.

"அப்புறம், உங்க கவிஞர் வந்துட்டாரு. அம்மாவுக்கு முடியலைன்னு திங்கக்கிழமை விமானத்துல வந்து இறங்கினாரு. பட்டியல்ல பேரு இருந்துச்சு, நேரா இங்க கூட்டிட்டு வந்துட்டோம். எனக்கு மேளம்தான் தெரியும், எழுதவே வராதுன்னு ஒரே பிடிவாதம். இப்ப நிஜமாவே எழுத வராது. கையில பேனா நிக்கல."

ஒரு தாளை அவள் பக்கம் நகர்த்தினார். "இதெல்லாம் அவர் எழுதினதுதான்னு ஒரு கையெழுத்துப் போடுங்க."

"வேற யாராவது எழுதியிருந்தா?"

"அவரு வீட்டுக்குப் போவாரு. அவங்க உள்ள போவாங்க." பெரெய்ரா அவளுடைய மெல்லிய மேலங்கியைப் பார்த்தார். "கீழ லாக்கப்புல ரொம்பக் குளிரும் மேடம்."

நாமாயிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்போம் என்று பேசுவது சுலபம். ஊருக்கு உபதேசம் யார் வேண்டுமானாலும் செய்யலாம். நிபியா தன் விரல்களை ஒருமுறை பார்த்தாள். கையெழுத்துப் போட்டாள்.

முத்திரை விழுந்ததை, எழுதியவர் பெயரைச் சொல்லி, ஒன்று விடாமல் பாட வேண்டும் என்பது விதி. சனிக்கிழமை கச்சேரியில் மூன்றாவது வரிசையில் பெரெய்ராவின் ஆட்கள் இரண்டு பேர் பிரதியோடு உட்கார்ந்திருந்தார்கள். எலும்பு முதல்முறையாக மேடை ஏறியது. 'ஜெனரல்களே, உங்கள் பூட்ஸுக்குப் பாலிஷ் எங்கள் ரத்தம்.' சிவப்புப் பென்சிலில் அடிபடுவதற்கென்றே எழுதிய மட்டமான பாட்டு. நிபியாவுக்குக் கூசியது. அரங்கமோ எழுந்து நின்றது, அழுதது, எல்பியோ எல்பியோ என்று கத்தியது. இருவரில் ஒருவன் திரும்பி உட்கார்ந்து முகங்களைக் குறித்துக்கொண்டிருந்தான்.

முடிந்ததும் எல்பியோவின் தங்கை சூல்மா மேடைக்குப் பின்னால் ஓடி வந்து அவளைக் கட்டிக்கொண்டாள்.

"அவன் உள்ள கிடக்கறப்ப அவன் பாட்டைப் பாட யாருக்குக்கா இந்தத் தைரியம் வரும்? மேளம் அடிக்கிற மண்டூகம்னு வீட்ல கேலி பண்ணுவோம். மனசுக்குள்ள இவ்வளவு வச்சிருந்திருக்கான் பாருங்க! எனக்கு அதை எழுதித் தாங்கக்கா. அம்மா கண்ண மூடுறதுக்குள்ள படிச்சுக் காட்டணும்."

ரூபென் கித்தாரை உறையில் போடுவதில் மும்முரமாக இருந்தான். நிபியா உட்கார்ந்து எழுதினாள். எதையும் பார்க்காமல், ஒரு வரிகூடத் தடுமாறாமல் எழுதினாள்.

"கீழ அவன் பேரையும் போடுங்கக்கா," என்றாள் சூல்மா.

போட்டாள்.